ஐந்து அட்டைகளில் ஒரே ரத்தம்

அந்துருண்டைக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் உழைத்தவனுக்கு மூக்கு என்பது முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற சாமான் என்பார் அச்சுக்காரர். டீயைக் கொடுத்தாலும் அந்துருண்டை வாசம்தான், சோப்பைக் கொடுத்தாலும் அதேதான். அக்கா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அள்ளிப் பூசியிருந்த சென்ட்டும் அவருக்கு அந்துருண்டையாகத்தான் மணந்தது. வெள்ளைத் தூளை மேலே கொட்டினால் கீழே உருண்டை உருண்டையாக விழும் அச்சு இயந்திரம் அவருடையது. ஒரு அழுத்தத்துக்கு இருபத்துநாலு உருண்டை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கண்ணிமை மயிரில்கூடத் தூள் படிந்து, நாற்பத்துமூன்று வயதுக்காரர் அறுபதைத் தாண்டியவர் போலத் தெரிவார்.

அச்சுக் கூடத்தில் ஜன்னலோர இயந்திரத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். துரைக்குக் காற்று வேணுமாம் என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிடுவார். காரணத்தைச் சொன்னால் ஜன்னல் என்ன, கம்பெனி வாசலே அவருக்கு இல்லை.

பதினோரு வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போயிற்று, கண் மஞ்சளாயிற்று, பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பெரிய டாக்டர் ஒருவர் அம்மாவை உட்கார வைத்து விளக்கினார். பையன் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை. சில மாத்திரைகள் உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அந்துருண்டை வாசம்கூட ஆகாது. அம்மாவிடமிருந்து வருவது இது. பெண்களிடம் பெரும்பாலும் பேசாமல் ஒளிந்திருக்கும், அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளில் சிலரிடம் தலைகாட்டும். இதைக் கேட்டதும் அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். அவளுடைய தம்பி பத்தொன்பது வயதில், வேலைக்குப் போன இடத்தில், காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டுக் கறுப்பாகச் சிறுநீர் கழித்து நாலே நாளில் போய்ச் சேர்ந்தவன். அன்றிலிருந்து குடும்பத்தில் அந்த நோய்க்குப் பெயர் 'தாய்மாமன் ரத்தம்'.

அப்படிப்பட்டவர் போயும் போயும் அந்துருண்டைக் கம்பெனிக்கா போனார் என்று கேட்பவர்கள், அந்த ஊரில் வேறு எந்தக் கதவு அவருக்குத் திறந்திருந்தது என்று காட்டிவிட்டுக் கேட்கட்டும். பையில் உருண்டை நிரப்பும் கூடத்தில் மனைவிக்கும் வேலை, தலைக்கு மேல் ஒரு கம்பெனி வீடு. வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன ஜமீன்தாரா? ஜன்னலோரம் நின்று, வாயில் துணி கட்டி, உருக்கும் அறைப் பக்கமே தலைவைக்காமல் காலத்தை ஓட்டினார். உடம்புக்குள் உடைவது உடைந்துகொண்டிருந்தது, ஊறுவது ஊறிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் கண் மஞ்சள் தட்டினால் தூசி விழுந்துவிட்டது என்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி ரத்தப் பரிசோதனை வைக்கும். ரத்த அளவு பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் கூடத்தில் வேலை கிடையாது. அச்சுக்காரருக்கு ஒன்பது தாண்டினால் பெரிய விஷயம். இங்கேதான் வள்ளல் வருகிறார்.

வள்ளல் என்பது தொழிலாளிகள் வைத்த பட்டப்பெயர். ஆறடி உயரம், கதவு மாதிரி மார்பு, பெட்டி ஏற்றும் வேலை. சோதனைக்காரர்கள் கேன்டீனில் மேஜை போட்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ரத்தம் எடுப்பார்கள். முகத்தை யார் பார்த்தார்கள்? நூற்றுக்கணக்கான கைகள், ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி. ரத்தம் குறைந்தவர்கள் தங்கள் டோக்கனை வள்ளலிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் தன் முறைக்கு ஒருதரம் நீட்டுவார். பிறகு தொப்பியை மாற்றிக்கொண்டு அடுத்த கை, அடுத்த மேஜை. மறுநாள் பரிசோதனை அட்டையில் எல்லோருக்கும் பதினாலரை. பதிலுக்கு அவர் வாங்கிக்கொள்வது இரண்டு அவித்த முட்டையும் ஒரு டீயும் மட்டும்.

"அஞ்சு பேரு உடம்புல என் ரத்தந்தான்யா ஓடுது. ஒரு பய என்னை முறைச்சுப் பாக்க முடியாது, ஆமா!" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்.

அந்த ஐந்தில் கடைசியாகச் சேர்ந்தவன் அச்சுக்காரரின் அக்கா மகன். இருபத்தாறு வயது. கல்யாணமான கையோடு வேலை தேடி அலைந்தவனை அச்சுக்காரர்தான் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சேர்வதற்கு முன்னால் வெளியே ஓர் இடத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஒன்பதரை. அந்தக் காகிதத்தை அச்சுக்காரர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையன் ஏற்கெனவே நடையிலும் சிரிப்பிலும் மாமனை உரித்து வைத்தவன். ரத்தமும் அப்படித்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. அந்த வருஷப் பரிசோதனை வந்ததும் நேராக வள்ளலிடம் கூட்டிப் போனார். பையனுக்குக் கிடைத்தது காலியாக இருந்த ஒரே வேலை, உருக்கும் அறையில் மூட்டை தூக்குவது. அக்கா போனில் அழுதாள். "நீ இருக்கறப்ப எனக்கென்னடா கவலை" என்றாள்.

கம்பெனிக்குப் பின்னால் இயந்திரங்களைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. தண்ணீர் மேல் கொசுக்குஞ்சு நெளியும். அந்த வருஷம் மழை விட்டதும் மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம், காய்ச்சல், வியர்வை. மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் நிற்கும். ஆனால் கிருமி ஈரலுக்குள் போய்ப் படுத்துத் தூங்கும், ஒன்றரை இரண்டு மாதத்தில் எழுந்து வரும். தூங்குகிறதைக் கொல்ல வேறு மாத்திரை, பதினாலு நாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அந்த மாத்திரையைப் பாதிப் பேர் நாலாம் நாளே மறந்தார்கள். அச்சுக்காரர் ஒன்றுகூட மறக்காமல் தினம் ஒன்றாகச் சாக்கடையில் போட்டார். அதுதான் அம்மாவை அழவைத்த ஜாதி மாத்திரை என்று அவருக்குத் தெரியும். காய்ச்சல் அவருக்கு இரண்டாம் தரம் வந்தது. மாத்திரையைத் தொடாமலே விட்டிருந்த அக்கா மகனுக்கும் வந்தது.

ஆள் வராமல் இயந்திரங்கள் நின்றதும்தான் கம்பெனிக்கு அக்கறை பொங்கியது. புது மருந்து வரவழைத்தார்கள். பதினாலு நாள் தொல்லை இல்லை. ஒரே வேளை, அதோடு சரி. வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி மருத்துவ அறையில், நர்ஸம்மா கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியவருக்குத்தான் கேட் திறக்கும். ரத்தத்தில் அந்தக் குறை உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கக் கூடாதாம். அதற்கென்ன, போன பரிசோதனையிலேயே எல்லோருக்கும் அதையும் பார்த்து அட்டையில் எழுதியாகிவிட்டது. குறை இருந்த இரண்டு பேரை, இந்தத் தூசி உங்கள் உடம்புக்கு ஆகாதப்பா என்று ரொம்ப அன்பாகச் சொல்லி வாசல்வரை கொண்டுவிட்டு வந்தார்கள். அச்சுக்காரரின் அட்டையில் 'குறை இல்லை' என்றிருந்தது. அக்கா மகன் அட்டையிலும் அப்படியே. வள்ளலின் ரத்தத்தில் என்ன குறை இருக்கப்போகிறது?

செவ்வாய்க்கிழமை அறிவிப்புப் பலகையில், மாத்திரை விழுங்க வேண்டியவர்களின் டோக்கன் எண்களை ஒட்டினார்கள். மாமனும் மருமகனும் ஒரே பட்டியலில் இருந்தார்கள்.

அச்சுக்காரர் முதலில் வள்ளலிடம்தான் ஓடினார். பெட்டி அடுக்கின் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னதும் வள்ளலின் முகம் சுண்டிப்போயிற்று.

"யோவ், வாயத் தொறந்துராத. நீ மட்டுமா போவ? நான், மத்த மூணு பேரு, எல்லாரும் மொத்தமா தெருவுல நிக்கணும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குய்யா."

"முழுங்கினா செத்துருவேன்யா."

"கன்னத்துல ஒதுக்கிக்க. வெளிய வந்து துப்பு."

"டார்ச் அடிச்சுப் பாக்கறாங்களாம். ஸ்பூன வச்சு நாக்கத் தூக்கிப் பாக்கறாங்களாம்."

வள்ளல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லதுதானய்யா பண்ணேன் நான்" என்றார். அவரைக் குறை சொல்ல அச்சுக்காரருக்கு மனம் வரவில்லை.

தனக்கு ஒரு வழி அவர் யோசித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொண்டைக்குள் விரல் விட்டாவது வாந்தி எடுத்துவிடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச காலம் இப்படியே ஓட்டிவிடலாம். ஆனால் அக்கா மகன்? புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனார். இரண்டாம் காய்ச்சலும் விட்டு எழுந்தவன், கன்னம் ஒட்டி, கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் மனைவிக்கு ஆறாம் மாதம். அவள் அடுப்படிக்குப் போனதும், அந்த மாத்திரையை விழுங்காதே என்று மாமா தாழ்ந்த குரலில் சொன்னார். அவன் கேட்கவே இல்லை.

"மாமா, அது உங்க ரத்தம். எனக்கு அப்படி இருக்கும்னு யாரு சொன்னா?"

"ஒன்பதரை இருந்துச்சேடா. என் தாய்மாமன் போனான், நான் சாகப் பொழச்சேன். அடுத்தது நீதான்டா."

"இந்த நடுக்கம் இனி ஒருவாட்டி வந்தா நான் எந்திரிக்க மாட்டேன் மாமா. ஒரே மாத்திரைல போகுதுன்னா முழுங்கிட்டுப் போறேன். இல்லன்னு சொன்னா வேலை போயிடும். புள்ள பொறக்கப் போற நேரத்துல வேலைய விட்டுட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

"வாந்தி எடுத்துடு. என்கூட வா, ரெண்டு பேரும்..."

"நீங்க வேணும்னா எடுத்துக்கங்க மாமா."

மேற்கொண்டு பேச வழியில்லை. மருமகள் டீயோடு வந்துவிட்டாள். அவர் அதைக் குடித்தார். வழக்கம்போல அந்துருண்டை வாசம். திரும்பி நடக்கையில் அக்காவுக்குப் போன் பண்ணலாமா என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாமா? சொன்னால் ஆறு பேருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு பிணம், ஒருவேளை. அந்த 'ஒருவேளை'தான் அவரை அரித்தது. உறுதியாகத் தெரிந்திருந்தால் மனுஷன் எப்போதோ கத்தியிருப்பார். வியாழக்கிழமை அச்சில் தூளைக் கொட்ட மறந்து வெறும் இயந்திரத்தை அரைமணி நேரம் ஓட்டினார். மேஸ்திரி திட்டினார். அது அவர் காதில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை மருத்துவ அறைக்கு வெளியே வரிசை. அக்கா மகன் அவருக்கு மூன்று ஆள் முன்னால் நின்றான். மாமா பக்கம் திரும்பவில்லை. உள்ளே டாக்டர் மேஜையில் அட்டைக் கட்டு. நர்ஸம்மா எண்ணைக் கூப்பிடுவார், டாக்டர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டுவார், உள்ளங்கையில் மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர், "ஆ காட்டு". கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த ஆள். அக்கா மகன் எண் வந்தது. டாக்டர் தலையாட்டினார். அவன் மாத்திரையை வாங்கினான், தம்ளரைத் தூக்கினான்.

"அது அவன் ரத்தம் இல்ல!"

தன் குரல்தான் அது என்று அச்சுக்காரருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. வரிசையைத் தள்ளிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தண்ணீர் இருவர் சட்டையிலும் கொட்டியது.

"அட்டைல இருக்கறது அவன் ரத்தம் இல்ல டாக்டர். என் அட்டைல இருக்கறது என் ரத்தம் இல்ல. எங்களுக்கு ஆகாது. குடுக்காதீங்க."

"அப்ப யாரோட ரத்தம்?" என்றார் டாக்டர்.

அச்சுக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். அடித்தாலும் சொல்லியிருக்க மாட்டார். சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. டாக்டர் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு கட்டு முழுவதையும் பிரித்து மேஜையில் பரப்பினார். பதினாலரை, பதினாலரை, பதினாலரை. மற்ற எண்களும் அச்சில் வார்த்த உருண்டைகள் மாதிரி ஒன்றுபோல இருந்தன. ஐந்து அட்டை, ஆறாவதாக வள்ளலின் சொந்த அட்டை. இத்தனை வருஷம் அந்த அட்டைகளை யாரும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை என்பதைக் கம்பெனி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர்தான். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து அங்கேயே பார்க்கும் சின்னக் கருவி அவரிடம் இருந்தது. முதலில் அச்சுக்காரருக்குப் பார்த்தார். குறை, நன்றாகவே இருந்தது. "இதை முழுங்கியிருந்தா உங்களைக் காப்பாத்தறது கஷ்டம். உடம்பை விட்டு இறங்கறதுக்கே வாரக்கணக்காகும்" என்றார். அச்சுக்காரர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா மகனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

"இவருக்குக் குறை இல்ல. சுத்தமா இல்ல" என்றார் டாக்டர்.

"ஒன்பதரை இருந்துச்சே டாக்டர்..."

டாக்டர் பையனின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், சின்ன வயதில் செருப்புப் போட்டு நடந்தாயா என்று கேட்டார். மலத்தைக் கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை அதிலும் விடை வந்துவிட்டது. கொக்கிப்புழு. குடலில் கொக்கி போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக ரத்தத்தைக் குடித்திருக்கிறது. பூச்சி மாத்திரையும் கொஞ்ச நாள் இரும்புச்சத்து மாத்திரையும் போதும். வேலையில் சேருவதற்கு முன்னாலேயே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால், வள்ளலிடம் போயிருக்கவே வேண்டாம். அவன் சொந்த ரத்தத்தில் அவன் சொந்த அட்டை கிடைத்திருக்கும்.

அன்றைக்கே அக்கா மகன் மாத்திரையை விழுங்கினான். ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை ஆறு பேருக்கும் கணக்கு முடித்துக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். வள்ளல் போகும்போது அச்சுக்காரரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொப்பியைக் கழற்றி மடக்கிக் காவலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, குனிந்த தலையோடு நடந்து போனார்.

கம்பெனி வீடு இப்போது மனைவியின் வேலையில் நிற்கிறது. அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை; அவள் அட்டை அவளுடைய ரத்தம்தானே. அச்சுக்காரரின் ஈரலில் கிருமி தூங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரியில், குறை உள்ளவர்களுக்குப் பழைய மாத்திரையை வாரம் ஒரு வேளையாகச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் முதலில் ரத்தம் ஏற வேண்டும் என்றார்கள். ரத்தம் ஏற அந்துருண்டை வாசம் படக் கூடாது. மனைவி சாயங்காலம் வாசலிலேயே சேலையை மாற்றி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். அப்படியும் அவள் வந்ததும் அறை முழுக்க அந்துருண்டை. அவள் வேலையை விட்டால் வாசம் போகும், வீடும் போகும். அவர் ஜன்னலோரம் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார்.

ஆறாம் வாரம் அக்கா வந்தாள். பகல் பதினொரு மணி. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அக்கா பையைக் கீழே வைக்காமலேயே பேசினாள்.

"நீ கத்தாம இருந்திருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காதாமே."

"தெரியும்க்கா."

"வேலையும் போயிருக்காது."

"தெரியும்க்கா."

"இப்ப எங்கெங்கயோ அலையறான். மாமா வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்டான்னா, வரலேன்னுட்டான்."

இது அவருக்குத் தெரியாது. பாயில் ஒருக்களித்து அக்காவைப் பார்த்தார். "மாத்திரை அவன் கையில இருந்துச்சுக்கா. அப்ப எனக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்குமா? நீ அங்க நின்னிருந்தா பாத்துக்கிட்டு நின்னிருப்பியா?"

அக்கா பையைக் கீழே வைத்தாள், பாயோரம் உட்கார்ந்தாள்.

"என் புள்ளைக்கு நான் நல்ல ரத்தத்தைத்தான்டா குடுத்திருக்கேன்" என்றாள். "இருபத்தாறு வருஷமா தெரியாம பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்பத்தான் தெரியுது. தெரிஞ்சும் அதுக்கு ஒரு சந்தோஷம்கூடப் பட முடியாமப் பண்ணிட்டியேடா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பல் கிட்டியது. முதலில் தாடை, பிறகு தோள், பிறகு முழங்கால். பாயே தடதடவென்று ஆடியது. தூங்கினது எழுந்துவிட்டது. அக்கா எழுந்து கொடியில் கிடந்த போர்வையை இழுத்து அவர் மேல் போட்டாள். போதவில்லை. தன் சேலைத் தலைப்பையும் சேர்த்துப் போர்த்தி, இரண்டு கையாலும் தோளைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. நடுக்கம் அடங்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அவளால் எழுந்து போக முடியாது.